பூதக்கண்ணாடியும் வயிற்றுத் தையலும்

எங்கள் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். யார் வைத்தார்கள் என்று எங்களுக்கு மறந்துவிட்டது. அவள் நிச்சயம் கண்டுபிடித்து வைத்திருப்பாள்.

சட்டை தைக்கிற கம்பெனி. நாங்கள் வரிசையாக மெஷினில் உட்கார்ந்து காலரும் கையும் தைத்துத் தள்ளுவோம். எல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் போகும். டியூப்லைட்டுக்குக் கீழே நின்றபடி ஒவ்வொரு சட்டையையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பாள். நூல் பிசிறு, விட்டுப்போன தையல், கோணல் பட்டன் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கோளாறு இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு விழுந்த சட்டை எங்களிடமே திரும்பி வரும். பிரித்துத் தைக்க வேண்டியதுதான்.

மற்ற செக்கர்கள் தப்பைப் பார்த்ததும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். இவள் மூச்சு விட மாட்டாள். ஒரே ஆள் செய்த தப்பையெல்லாம் மேசைக்கு அடியில் சேர்த்து வைத்து, கட்டு நன்றாகப் பெருத்த பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அவர் முன்னால் அவிழ்ப்பாள். "ஒண்ணை மட்டும் காட்டினா இல்லைன்னு சாதிப்பீங்க. கையும் களவுமா பிடிச்சாத்தான் வாய் அடைக்கும்" என்பாள். அப்படி என் கட்டை அவிழ்த்த அன்றைக்குத்தான் நானும் அவளும் முதன்முதலாகச் சண்டை போட்டோம். போட்ட சண்டையிலேயே சிநேகிதமும் ஆனோம். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவளுடைய அப்பா வேலை விஷயமாக வெளியூர் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருந்தார். தெருவுக்கே தெரியும், கடைக்காரருக்குத் தெரியும், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியாது. "எல்லாரும் நல்லா சிரிச்சுப் பேசினாங்கடி. ஒருத்தர் கூட சொல்லல" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு யார் சிரித்துப் பேசினாலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

அவளைக் கட்டிக்கொண்டவர் பெயிண்டர். உயரக் கட்டடங்களில் சாரம் கட்டி ஏறி வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பவர். காது மடலில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். பேச்சு குறைவு, பொறுமை அதிகம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இவள் அவர் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். பெயிண்டில் கலக்கிற டர்பன்டைன் வாசனை அடித்தால் டீ உடனே வரும். அடிக்காவிட்டால் முதலில் விசாரணை, பிறகுதான் டீ. மனுஷன் இதற்கென்றே கிளம்பும்போது கைக்குட்டையில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டுக்கொண்டு வருவாராம். அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவளிடம் நான் சொல்லவில்லை, எனக்கென்ன பைத்தியமா?

அவருக்கு ஒரு தம்பி, அவரும் பெயிண்டர். அண்ணனும் தம்பியும் ஒரே சாரத்தில் வேலை செய்வார்கள். கல்யாணமான புதிதில் தன்னைப் பற்றி மாமியாரிடம் கோள் சொன்னது இந்தக் கொழுந்தன்தான் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது நிரூபணமாகவும் இல்லை, தீரவும் இல்லை. அன்றிலிருந்து நேருக்கு நேர் பேச்சில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "உங்க தம்பி டீ குடிப்பாரான்னு கேளுங்க" என்று புருஷனிடம்தான் கேட்பாள். அவரும், "அண்ணி கையால குடுத்தா குடிப்பேன்னு சொல்லு அண்ணா" என்பார். நடுவில் அந்த மனுஷன் இருவருக்கும் தபால்காரர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

சாரம் சரிந்து அவள் புருஷன் விழுந்த செய்தி கம்பெனிக்குத்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவளோடு போனேன். நாங்கள் போய்ச் சேருவதற்குள் ஆபரேஷன் ஆரம்பித்துவிட்டிருந்தது. தியேட்டர் வாசலில் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் பெயிண்ட், சட்டையெல்லாம் ரத்தம். டாக்டர் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். "அண்ணி..." என்று ஆரம்பித்தார். தலையைக் குனிந்துகொண்டார். இவள் அந்தக் குனிந்த தலையையே பார்த்தபடி நின்றாள். அழக்கூட இல்லை.

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க. பார்த்தியா அவனை? ஏன் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கிறான்?" என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

"அக்கா, அவரோட அண்ணன் உள்ள கிடக்குறாரு. அந்த வேதனை இருக்காதா?"

"வேதனைப்படறவன் அழுவான். இவன் ஒளியிறான்."

ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன உருவம், தூக்கம் காணாத கண். மூளை வீங்கியிருக்கிறது, மண்டை ஓட்டுக்குள் அந்த வீக்கத்துக்கு இடமில்லை, அதனால் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் மூடியிருக்கிறோம் என்றார். "எலும்பு பத்திரமா இருக்கு. வீக்கம் வடிஞ்சதும் திரும்ப வெச்சிடுவோம். அதுவரைக்கும் அந்தப் பக்கம் எதுவும் படக் கூடாது" என்றார். கொழுந்தனிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். எலும்பு எங்கே பத்திரமாக இருக்கிறது என்று இவள் கேட்கவில்லை. ஏதோ ஒரு அலமாரியிலோ பெட்டியிலோ இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். கண் திறந்தார். ஆனால் பேச்சு வரவில்லை. வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகு அந்த இடது பக்கத்தைப் பார்த்தேன். எலும்பில்லாத இடத்தில் தோல் மெல்ல எழும்பி எழும்பி அடங்கியது, உள்ளே நாடி துடிப்பது வெளியே தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவள் மட்டும் பயப்படாமல் அதன்மேல் உள்ளங்கையைக் குவித்து, தொடாமல் ஒரு கூரை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவரைப் புரட்டுவதானாலும் தூக்குவதானாலும் தலையை அவள்தான் பிடிப்பாள். ஆயாவையும் விட மாட்டாள், நர்ஸையும் விட மாட்டாள். கொழுந்தன் ஒரு முறை கை நீட்டியபோது, "உங்க தம்பியைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்று பேச்சில்லாத மனுஷனைப் பார்த்துச் சொன்னாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் உடம்பு துடைத்துவிடுகையில் அவர் வயிற்றில் ஒரு கட்டு இருப்பதைப் பார்த்தாள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், தொப்புளுக்குப் பக்கவாட்டில் நீளமாக ஒரு தையல்.

தலையில் அடிபட்டவருக்கு வயிற்றில் எதற்குத் தையல்? யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். வேறு யாராவது இருந்தால் நேரே போய் டாக்டரைக் கேட்டிருப்பார்கள், இரண்டு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். இவள் நர்ஸிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டாள். அந்தப் பெண் கையில் ஊசியோடு ஓடிக்கொண்டிருந்தாள். "டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவு போதும் இவளுக்கு.

"ஏன் அவளே சொல்லல? சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்றாள் என்னிடம். "கிட்னியை எடுத்துட்டாங்கடி."

"அட, வாயைக் கழுவு அக்கா. டாக்டரையே கேட்டுருவோம், வா."

"திருடன்கிட்டயே போயி திருட்டுப் போச்சான்னு கேப்பாங்களா? உஷாராயிடுவாங்க. முதல்ல சாட்சி சேர்க்கணும்."

கம்பெனிப் பழக்கம் ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டது. அடுத்த நாள் கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, அந்தத் தையலுக்குப் பக்கத்தில் புருஷன் வயிற்றிலேயே ஒட்டினாள். அடையாளமாம். கட்டு மாற்ற வந்த நர்ஸ் அது என்னவோ ஏதோ என்று பிய்த்துப் போட்டுவிட்டாள். "பார்த்தியா, சாட்சியைக் கலைக்கிறாங்க!" என்று இவள் என் கையைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கொஞ்ச நாளில் எனக்கே மனசு கெட்டுவிட்டது. தையல் ஆறிய பிறகு அவள் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். தோலுக்கு அடியில் தட்டையாக, கெட்டியாக, ஓடு மாதிரி ஏதோ ஒன்று தட்டுப்பட்டது.

"எடுத்ததும் இல்லாம எதையோ வெச்சும் தைச்சிருக்காங்க. கத்தியோ கத்திரியோ, யாருக்குத் தெரியும்?" என்றாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது எதிரே வந்த டாக்டர்கள் எல்லாரையும் நானும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன்.

கொழுந்தனும் அவள் சந்தேகத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் விழுந்த பிறகு அவர் பெயிண்ட் வேலைக்கே போகவில்லை. ஒரு குடோன் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். அண்ணனைப் பார்க்க வருவார், காலைப் பிடித்துவிடுவார், அண்ணி வந்தால் எழுந்து போய்விடுவார். "மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம். இவனும் அவங்களும் கூட்டு. கையெழுத்துப் போட்டதே இவன்தானே?" என்பாள். சாரத்தைச் சரியாகக் கட்டாமல் விட்டதும் அவர்தான் என்று ஒரு பக்கம். அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர் புருஷன் ஒருவர்தான், அவருக்கோ வாய் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது, வீக்கம் வடிந்ததும் எலும்பை வைக்க வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வர வேண்டிய நாள் வந்தது, போனது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். "இன்னொரு கிட்னி பாக்கி இருக்கில்ல, அதுக்குத்தான் இந்த அவசரம்" என்றாள்.

அங்கேதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. வீங்கியிருந்த இடம் வடிந்து, வடிந்து, பிறகு உள்வாங்க ஆரம்பித்தது. தலையின் ஒரு பக்கம் பள்ளமாகிவிட்டது. கைத்தாங்கலாக நடக்கத் தொடங்கியிருந்த மனுஷன் மறுபடியும் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தார். உட்கார வைத்தால் தலை வலிக்கிறது என்று நெற்றியைக் காட்டுவார். 'தண்ணி', 'வா' என்று ஒன்றிரண்டு சொல் எட்டிப் பார்த்திருந்தது. அதுவும் நின்றுபோனது. எலும்பை வைக்காமல் இருந்தால் ஆள் இப்படியே தேய்ந்துபோய்விடுவார் என்று படிக்காத எனக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் அந்த வாசலை மிதிக்க அவளால் முடியவில்லை. ராத்திரியெல்லாம் அவர் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே தூங்குகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

கோபத்தில் ஒரு நாள் நான் கத்திவிட்டேன். "சாட்சி சாட்சிங்கிறியே, வெளியில ஒரு ஸ்கேன் எடுத்துப் பாரு. கிட்னி இல்லைன்னா நானே உன்னோட போலீசுக்கு வரேன். இருந்துச்சுன்னா மனுஷனை ஆபரேஷனுக்கு அனுப்பு. அவரைக் கொன்னுட்டு அப்புறம் யாரைப் பிடிக்கப் போற?"

அவள் என்னையும் ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு, "நான் சொல்ற எடத்துலதான் எடுக்கணும்" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமே இல்லாத இடம் என்று தேடித் தேடி, நகரத்தின் மறு கோடியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். தலையைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அவருக்கோ தலையில் தொப்பி. வயிற்றின் மேல் பசையைத் தடவிக் கருவியை வைத்துத் தேய்த்தார் ஸ்கேன் டாக்டர்.

"ரெண்டு கிட்னியும் நல்லா இருக்கும்மா."

"ரெண்டா? நல்லாப் பாருங்க."

"ரெண்டுதாம்மா இருக்கும். மூணா இருக்கும்?" என்றார் அவர். பிறகு கருவியை நகர்த்திய கை ஒரு இடத்தில் நின்றது. அழுத்திப் பார்த்தார். "இவருக்குத் தலையில ஆபரேஷன் ஆச்சா?"

அவள் என் காலை மிதித்தாள். அவரே எழுந்து வந்து தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். "அதானே. மண்டை எலும்பைத் தோலுக்கு அடியில வெச்சிருக்காங்க. வெளியில வெச்சா கெட்டுப்போகலாம், அதனால சில எடத்துல வயித்துல ஒரு பை மாதிரி பண்ணி உள்ள வெச்சிருவாங்க. அவர் உடம்பே அதைக் காப்பாத்தும். ரொம்ப நாள் விடாதீங்கம்மா, எலும்பு கரைய ஆரம்பிச்சிடும்."

என்னையும் மீறிச் சிரிப்பு வந்தது. அப்பாடா என்று இருந்தது. கத்தியும் இல்லை, கத்திரியும் இல்லை. தேடிக்கொண்டிருந்த சாமானை அவரே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்! திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அவர் வயிற்றிலிருந்த பசையைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதே வேகத்தில் டாக்டரம்மாவிடம் போனோம். இத்தனை தாமதத்துக்கு அவர் நன்றாகத் திட்டினார். நியாயம்தான். ஆனால் பூதக்கண்ணாடியும் விடவில்லை.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல? என் புருஷன் உடம்புல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"உங்க கொழுந்தன்கிட்ட சொல்லித்தானேம்மா கையெழுத்து வாங்கினோம்? வீட்டுல சொல்லியிருப்பாருன்னு நினைச்சோம்." டாக்டரம்மா கொஞ்சம் நிறுத்தினார். "உங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். எங்க தப்புதான்."

எனக்கும் அதுதான் ஆத்திரம். அத்தனை பெரிய ஆபரேஷன் செய்யத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெண்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே. மறுபடியும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. அவள் சந்தேகப்படாமல் என்ன செய்வாள்?

ஆபரேஷன் அன்று காலையில் கொழுந்தன் வந்தார். வார்டில் அவள் புருஷனைக் கட்டிலில் படுக்க வைத்து, பச்சை அங்கி போட்டு, தியேட்டருக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டிக்காகக் காத்திருந்தோம். கொழுந்தன் வழக்கம்போல அண்ணியைப் பார்த்ததும் நழுவப் பார்த்தார்.

"நில்லு" என்றாள்.

நான் திடுக்கிட்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகச் சொன்ன சொல் அது. கட்டிலில் படுத்திருந்தவரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"வயித்துல எலும்பு இருக்குன்னு உனக்குத் தெரியும். ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா அண்ணி? நான் சொல்லி எதை நம்பியிருக்கீங்க?" என்றார். குரல் உயரவில்லை.

எனக்குத் தெரிந்து அவள் யாரையும் இப்படி நேரடியாகக் கேட்டதில்லை. சாட்சி சேர்ப்பாள், கட்டு கட்டுவாள், நடுவில் போட்டு அவிழ்ப்பாள். அன்றைக்கு அவள் கையில் எதுவும் இல்லை.

"சரி. இதையாவது சொல்லு, நம்புறேன். அன்னிக்குச் சாரம் யாரு கட்டினது?"

அவர் இல்லை என்பார், அல்லது வேறு யாரையாவது கை காட்டுவார் என்று நான் நினைத்தேன். பார்த்தவர் யாருமில்லை, கேட்கவும் ஆளில்லை.

"நான்தான் அண்ணி" என்றார். "நல்லாத்தான் கட்டினேன்னு நினைக்கிறேன். இழுத்தும் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேனா, பார்த்ததா நானே நினைச்சுக்கிறேனான்னு இப்போ தெரியல. படுத்தா அந்த முடிச்சுதான் கண்ணுல நிக்குது. கயிறைத் தொட்டாலே கை ஆடுது அண்ணி, அதனாலதான் வேலைக்குப் போகல. உங்க மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன்?"

கையை நீட்டிக் காட்டினார். உண்மையாகவே ஆடிக்கொண்டிருந்தது.

அவள் சந்தேகப்பட்டது அத்தனையும் பொய்யாகப் போயிற்று, இது ஒன்று மட்டும் மெய்யாகிவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் எதிரே நிற்கிறார். இனி அவள் என்ன செய்யப் போகிறாளோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அறை விட்டிருந்தால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன்.

அப்போது தள்ளுவண்டி வந்தது. ஆயா வந்து, "யாராவது தலையைப் பிடிங்க, காலைப் பிடிங்க, தூக்கி மாத்தணும்" என்றாள். அந்தப் பள்ளமான பக்கம் படாமல் தலையைப் பிடிக்க அவள் வழக்கம்போல முன்னால் போனாள். பாதியில் நின்றாள். கொழுந்தனைப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு கட்டிலின் மறு கோடிக்குப் போய் புருஷனின் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

"தலையை நீ பிடி" என்றாள்.

"அண்ணி, என் கை..."

"ஆடுனா ஆடட்டும். ரெண்டு கையாலயும் பிடி."

அவர் பிடித்தார். அண்ணனின் தலையை இரண்டு கைகளிலும் ஏந்தி, எலும்பில்லாத பக்கத்தில் விரல் படாமல் தூக்கி வண்டியில் வைத்தார். கண்ணீர் மூக்கோரமாக வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை. வண்டி தியேட்டர் வரைக்கும் போகிற வழியெல்லாம் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. அவள் முன்னால் நடந்தாள். நடுவில் ஓரிரு தடவை திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள் என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும்.